ஷனாயா ட்வைனின் 'அப்!': சந்தோஷக் காதலா, சந்தைச் சரக்கா?

கிராமபோன்:
சோகப் பாட்டு இழையில் ஒருவர், "காதல் கைகூடிய பிறகு பாட என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தார். அங்கே பதில் எழுதினால் பேச்சு திசைமாறும், அதனால் தனி இழை. என் பதில், கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற வேர் கொண்ட பாட்டு) பாடுகிற கனடாப் பாடகி ஷனாயா ட்வைன் 2002 நவம்பரில் வெளியிட்ட 'அப்!'. 19 பாட்டு. எல்லாமே அவரும் அப்போதைய கணவர் மட் லாங்கும் சேர்ந்து எழுதியவை. மகன் பிறந்த மறுவருடம் வந்த ஆல்பம், அந்தத் தெம்பு முழுக்கத் தெரியும். அழுகை ஒன்றிரண்டு இடத்தில் உண்டு. ஆனால் மொத்தத்தில் இது காதலித்து, கட்டிக்கொண்டு, அதன் பிறகும் காதலிக்கிறவளின் ஆல்பம். அமெரிக்காவில் முதல் வாரமே 8,74,000 பிரதி விற்றது. விற்பனையை வைத்துத் தரம் சொல்ல வரவில்லை. சந்தோஷமான பாட்டை யார் கேட்பார்கள் என்கிறவர்களுக்காகச் சொன்னேன்.

இன்னொன்று. ஒவ்வொரு பாட்டையும் மூன்று விதமாக இசையமைத்து வெளியிட்டார்கள். சிவப்பு சிடி பாப், பச்சை கன்ட்ரி, நீலத்தில் இந்திய வாசம். மெட்டும் வரியும் அதேதான். மூன்று சட்டை மாற்றியும் ஆள் அதே ஆளாக நிற்பது சும்மா வருகிற காரியமா?

ஸ்டீல்கம்பி:
எந்தச் சட்டையும் பொருந்துகிறது என்றால் உள்ளே இருப்பது ஆளா, துணிக்கடை பொம்மையா?

கன்ட்ரி பாட்டுக்கு ஓர் ஊர் இருக்கும். லொரெட்டா லின் பாடினால் கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத்துப் பக்கத்து வீடு தெரியும். மெர்ல் ஹேகர்ட் பாடினால் ஜெயில் தெரியும், மனிதர் சான் குவென்டினில் இருந்தவர். 'அப்!' எந்த ஊரில் நடக்கிறது? தலைப்புகளைப் பாருங்கள், கிட்டத்தட்ட பாதிக்கு ஆச்சரியக்குறி. பாட்டில் வராத உற்சாகத்தைத் தலைப்பில் போட்டு ஈடுகட்டுகிறார்கள். அப்புறம் மட் லாங். ராக் குழுக்களான ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்', டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா' இரண்டையும் தயாரித்தவர். ஸ்டேடியத்தின் கடைசி வரிசைவரை போய் முட்டுகிற ஒலி அவருடையது, அதில் மன்னர்தான். காதோடு சொல்ல வேண்டியதையும் அப்படியே கட்டினால் எப்படி?

வடக்குக்காற்று (ஸ்கார்பரோ):
அண்ணை, நீங்கள் எந்த சிடியைக் கேட்டுவிட்டுக் கதைக்கிறீர்கள்? கனடாவிலும் அமெரிக்காவிலும் கடைக்கு வந்தது சிவப்பும் பச்சையும். மற்ற நாடுகளுக்குப் போனது சிவப்பும் நீலமும். ஆக, இங்கே கனபேர் கேட்ட ஆல்பம் வேறு, உங்கள் பக்கம் கனபேர் கேட்ட ஆல்பம் வேறு. பச்சையில் ஃபிடில் (வயலின்தான்), பேன்ஜோ, கம்பி மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கிற ஸ்டீல் கிட்டார் எல்லாம் தாராளம். 'ஃபாரெவர் அண்ட் ஃபார் ஆல்வேஸ்' பாட்டை இரண்டு சிடியிலும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கோ, பிறகு வந்து சொல்லுங்கோ.

ஊர் இல்லை என்கிறதையும் விட மாட்டேன். அவர் வளர்ந்த திம்மின்ஸ், ஒன்டாரியோவின் வடக்கில் இருக்கிற சுரங்க ஊர். 1987-இல் தாயும் வளர்ப்புத் தகப்பனும் கார் விபத்தில் இறந்துபோனார்கள். அவருக்கு 22 வயது. ஹன்ட்ஸ்வில் பக்கம் டியர்ஹர்ஸ்ட் ரிசார்ட்டில் பாடித்தான் இளைய சகோதரங்களைப் பார்த்தார். அவ்வளவும் பட்ட மனுசி, சந்தோஷமாகப் பாட முடிவெடுத்தால் அதில் என்ன பிழை?

ஸ்டீல்கம்பி:
அவர் பட்ட பாட்டுக்குக் கும்பிடு. பாட்டில் அது எங்கே என்றுதான் கேட்கிறேன். லொரெட்டா பட்டதைப் பாடினார்.

பச்சையும் கேட்டவன்தான் நான். ஒரே பாடலை மூன்று வாத்தியக் கூட்டத்துக்குப் பொருத்தினால் என்ன நடக்கும்? ஃபிடில்காரர் பாடகியைக் கேட்டு வாசிக்கிறார், பாடகி ஃபிடிலைக் கேட்டுப் பாடவில்லை. நல்ல கன்ட்ரிப் பாட்டில் பாடுகிறவர் வரியை முடித்துக் கொஞ்சம் இடம் விடுவார், அந்த இடத்தில் ஸ்டீல் கிட்டார் இழுத்துப் பதில் சொல்லும். இங்கே இடமே இல்லை. பின்குரல் அடுக்கி அடுக்கி எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டார் லாங்.

கன்ட்ரிப் பாடகி டாலி பார்ட்டன் 1977-இல் 'ஹியர் யூ கம் அகெய்ன்' பாடியபோது, ரொம்ப பாப்பாகிவிடும் என்று பயந்து, ஸ்டீல் கிட்டார் வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் கேட்டுச் சேர்க்கவைத்தார். எந்த வாசலைத் தாண்டுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கிராமபோன்:
நன்றி, என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். டாலியே "இது கன்ட்ரிதான்" என்று காட்டுவதற்காகத்தான் அந்தக் கம்பியைச் சேர்த்தார். அவர் செய்தால் விவேகம், ட்வைன் செய்தால் ஒட்டுவேலையா?

இந்த வாசல்காவல் பழைய கதை. 1975-இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் விருது மேடையில், ஆண்டின் சிறந்த கலைஞர் ஜான் டென்வர் (பாப் பக்கம் சாய்ந்தவர்) என்று அறிவிக்க வந்த கன்ட்ரிப் பாடகர் சார்லி ரிச், அந்தச் சீட்டை லைட்டரால் கொளுத்தினார். ரிச் மட்டும் என்ன, வயலின் கூட்டத்தோடு பாப் பட்டியலில் முதலிடம் போனவர்தான்!

பிரேக்கப்_பாலு:
'ஃபாரெவர் அண்ட் ஃபார் ஆல்வேஸ்', அதாவது என்றென்றைக்கும் என்று உருகி உருகி எழுதிய ட்வைனும் லாங்கும் 2008-இல் பிரிந்தார்களே, அதைப் பற்றி யாராவது பேசுவீர்களா? சும்மா கேட்டேன்.

மாலைச்சூரியன்:
பாலு சார், சோகப் பாட்டு பாடினவர்கள் பிறகு சிரித்தால் அந்தப் பாட்டைப் பொய் என்று சொல்கிறோமா? சந்தோஷத்துக்கு மட்டும் ஏன் ஆயுள் உத்தரவாதம் கேட்கிறீர்கள்? 2002-இல் அவருக்கு அப்படி இருந்தது, பாடினார். இன்றைக்கு அதே பாட்டைக் கேட்டால் நமக்கு முடிவு தெரியும், அவருக்கு அப்போது தெரியாது. எனக்கு அதனாலேயே அந்தப் பாட்டு கூடுதலாகப் பிடிக்கிறது.

நீலத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. அதைச் செய்தவர்கள் பர்மிங்காம் டக்கல் சகோதரர்கள், சைமனும் டயமண்டும். தாளக்கருவிகளையும் வயலின் கூட்டத்தையும் மும்பையில் பதிவு செய்தார்கள். முதலில் பாப் பதிப்புக்குச் சில பகுதிகள் செய்யத்தான் இவர்களைக் கூப்பிட்டது. எனக்கு நீலம் பாதிதான் ஒத்துவந்தது. வேகப் பாட்டுகளில் தாளம் நன்றாக முன்னே தள்ளுகிறது. மெதுவான காதல் பாட்டு வந்ததும் நகை அதிகமாகிவிடுகிறது. ஸ்டீல்கம்பி சொல்கிற 'இடம் இல்லை' என்ற குறை நீலத்துக்கு வேண்டுமானால் பொருந்தும், பச்சைக்கு அநியாயம்.

ஸ்டீல்கம்பி:
மாலைச்சூரியன், பாலுவுக்கு நீங்கள் சொன்னது சரி, விவாகரத்தை வைத்து நானும் அடிக்க மாட்டேன். ஆனால் ஒன்று. சந்தோஷம் தனியாக நின்றால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் இழக்க ஏதாவது இருக்கிறது என்று தெரிய வேண்டும். இந்த ஆல்பத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, 'இட் ஒன்லி ஹர்ட்ஸ் வென் ஐம் ப்ரீதிங்'. பிரிந்தவள் 'நான் நன்றாகத்தான் இருக்கிறேன், மூச்சு விடும்போது மட்டும்தான் வலிக்கிறது' என்று நக்கலாகச் சொல்கிறாள். அப்படி நாலு பாட்டு கூட இருந்திருந்தால் மற்றதையும் நம்பியிருப்பேன். 19 பாட்டில் ஒன்பதைத் தூக்கியிருக்கலாம்.

வடக்குக்காற்று (ஸ்கார்பரோ):
ஒன்பதைத் தூக்கலாம் என்பதற்கு நானும் கை தூக்குகிறேன். அது வேறு கதை.

அண்ணை, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். 2003-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'அப்! க்ளோஸ் அண்ட் பர்சனல்' என்று ஒரு நிகழ்ச்சி செய்தார். கூட வாசித்தது பாடகி அலிசன் க்ராஸும் அவருடைய குழு யூனியன் ஸ்டேஷனும். சிவப்பு, பச்சை ஒன்றும் இல்லை, புளூகிராஸ் (ஃபிடிலும் பேன்ஜோவுமாக வாசிக்கிற பழைய பாணிக் கன்ட்ரி) ஆட்கள் பக்கத்தில் இருந்து வாசிக்கிறார்கள், அவர் அவர்களைப் பார்த்துப் பாடுகிறார். நீங்கள் கேட்ட இருவழிப் பேச்சு அதில் இருக்கு.

ஸ்டீல்கம்பி:
பார்த்திருக்கிறேன். நன்றாகவே இருக்கிறது. அதனால்தான் கோபமே வருகிறது. இப்படிப் பாடத் தெரிந்தவர் மூன்று நிறத்தில் போட்டாரே, இதை ஏன் நாலாவது சிடியாகப் போடவில்லை?

கிராமபோன்:
போட்டிருந்தால் "நாலாவது நிறத்தையும் விட்டுவைக்கவில்லை பாருங்கள்" என்று நீங்கள்தான் முதல் பதிவு போட்டிருப்பீர்கள்.