கிருஷ்ணகிரி மாந்தோப்பு ஆர்க்டிக் கடலில் மிதந்த கதை

மாமாவுக்குக் கிருஷ்ணகிரி பக்கத்தில் மாந்தோப்பு. பாதிக்கு மேல் பெங்களூரா மரங்கள். சொட்டுநீர்க் குழாய் போட வேண்டும் என்று சர்வேயரை வரவழைத்து, வரப்பு மூலை, கிணறு, மோட்டார் ரூம் எல்லாவற்றையும் அளந்து வைத்திருந்தார். எல்லாம் யூடிஎம் எண்கள் (பூமியை ஆறு டிகிரி மண்டலங்களாகப் பிரித்து, இடத்தை மீட்டரில் சொல்லும் முறை), ஒரு எக்செல் தாளில். அதை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றி மேப்பில் வைத்துக் காட்டும் வேலை, கம்ப்யூட்டர் படித்த குற்றத்துக்காக என் தலையில் விழுந்தது.

பைதானில், இப்படி எண்களை மாற்றித் தரும் பைப்ராஜ் என்ற நிரல்தொகுப்பைப் போட்டு, தேடியதில் முதலில் வந்த மாதிரி நிரலை அப்படியே ஓட்டினேன். 'இனிட்' என்று எழுதுவது பழைய முறை, அதை எடுத்துவிடு என்று எச்சரிக்கை வந்தது. எடுத்தேன். எச்சரிக்கை போய்விட்டது. தோப்பும் போய்விட்டது.

மாமா திரையைப் பார்த்துவிட்டு, "என்னடா சுத்தியும் நீலமா இருக்கு, கே.ஆர்.பி. டேமா?" என்றார். மேப்பைச் சுருக்கிப் பார்த்தால் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் பக்கத்தில், ஆர்க்டிக் கடலில் நிற்கிறது தோப்பு. நம் ஊர் 12.5 வடக்கு, 78.2 கிழக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டால் அங்கேதான் போய் விழும்.

மாற்றிப் போட்டது நானில்லை. பைப்ராஜுக்கு அடியில் ஓடும் ப்ராஜ் நிரலின், 2019-இல் வந்த 6-ஆம் பதிப்பு முதல், ஒவ்வொரு அளவுமுறைக்கும் பதிவேட்டில் உள்ள வரிசைப்படி அட்சரேகை முதலில் வரும். 'இனிட்' இருந்தவரை தீர்க்கரேகைதான் முதலில். நான் மேப்பில் ஏற்றிய ஜியோஜேசான் வகைக் கோப்புக்கும் தீர்க்கரேகைதான் முதலில் வேண்டும். 'ஆல்வேஸ் எக்ஸ்ஒய்' என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. பைப்ராஜின் ஆவணத்தில் இது இல்லாமல் இல்லை, தனிப்பக்கமே இருக்கிறது. எச்சரிக்கையிலும் 'அச்சு வரிசையைக் கவனி' என்று ஒரு வால் இருந்தது. அச்சு வரிசை என்றால் எந்த ரேகை முதலில் என்பது என்று எனக்கு என்ன தெரியும்? தேடுபவன் கண்ணில் படுவதெல்லாம் யாரும் திருத்தாத பழைய மாதிரி நிரல்தான்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எட்டு மாதம் கழித்துக் காவேரிப்பட்டணத்தில் நண்பர் ஒருவருக்கு இதே வேலை செய்தபோது மறுபடியும் ஆர்க்டிக். முதல் தடவை கண்டுபிடித்ததை ஒரு துண்டுச் சீட்டில்கூடக் குறித்து வைக்கவில்லை. நிரல் பகிரும் தளமான கிட்ஹப், திறந்தமூல மென்பொருள் பற்றி 2017-இல் எடுத்த ஆய்வில், ஆவணம் அரைகுறை, காலாவதி என்று 93 சதவீதம் பேர் சொன்னார்கள். பங்களிப்பவர்களில் 60 சதவீதம் பேர் தாங்கள் ஆவணப் பக்கம் போவதே அரிது என்றார்கள். படித்தபோது அடுத்தவனைத் திட்டினேன். இப்போது வாய் வரவில்லை.

உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

ஓசூர்க்காரன்: உங்க தோப்பாவது கடல்மேல மிதந்துச்சு. எங்க ரோஜா பசுமைக்குடில் வங்காள விரிகுடாவுல மூழ்கியே போச்சு! கியூஜிஐஎஸ்-ங்கிற மேப் சாஃப்ட்வேருக்கு ஒரு சின்ன ப்ளகின் போட்டேன். அதோட உதவிப் பக்கம் மொத்தமே ஆறு வரி. உதாரணத்துல 32644-னு ஒரு எண். என்ன எண்ணுனு ஒரு வார்த்தை இல்ல. அப்படியே காப்பி அடிச்சேன். அது யூடிஎம் 44-ஆம் மண்டலமாம். 43-க்கும் 44-க்கும் எல்லையான 78 டிகிரி கோடு நம்ம மாவட்டத்துக்குள்ளயே ஓடுதுங்க. கிருஷ்ணகிரி டவுன் 44, ஓசூர் 43. நம்ம அளவு எல்லாம் 43-ல எடுத்தது. ஆறு டிகிரி தள்ளி, சுமார் 650 கிலோமீட்டர் கிழக்கே உக்காந்துடுச்சு. உதாரணம் எழுதின புண்ணியவான் 'உங்க ஊருக்கு ஏத்த எண்ணைப் போடுங்க'னு ஒரு வரி எழுதியிருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை மிச்சம்.

பாலக்கோடு டிடிபி: கடைக்குப் பழைய கோயில் மலர் ஒன்று வந்தது, நூற்றுச் சொச்சம் பக்கம். தட்டச்சு செய்ய முடியாது என்று, படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் டெசராக்ட் போட்டேன். தமிழ்க் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, திறக்க முடியவில்லை என்கிறது. என் கையில் இருந்த குறிப்பு 3-ஆம் பதிப்புக்கு எழுதியது. அதில் மொழிக் கோப்புகள் இருக்கும் டெஸ்டேட்டா கோப்புறைக்கு மேலே உள்ள கோப்புறையைக் காட்ட வேண்டும். 4-இல் டெஸ்டேட்டாவையே காட்ட வேண்டும். அதைச் சரிசெய்தால், பக்க அமைப்பைச் சொல்லும் 'பிஎஸ்எம்' கட்டளைக்கு முன்னால் ஒற்றைக் கோடு (-) போதாது, இரட்டைக் கோடு (--) வேண்டும். இரண்டு நாள் போனது ஒரு சிறு கோட்டுக்கு. குறிப்பு எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் எழுதிய அன்றைக்கு அது சரிதான். தலைப்பில் பதிப்பு எண் மட்டும் போட்டிருக்கலாம்.

அரூர்: நான் எதிர்க்கட்சி. பழைய எழுத்துருக் கோப்பை யூனிகோடாக மாற்ற ஒரு சின்னக் கருவி எழுதி வெளியிட்டிருக்கிறேன். கருவியோடு வரும் விளக்கக் கோப்பான ரீட்மீயில் 'நிறுவி, இயக்கினால் போதும்' என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒரு தமிழாசிரியர் போன் செய்தார். "தம்பி, நிறுவின்னு போட்டிருக்கீங்க, எதுல நிறுவறது?" நாற்பது நிமிடம் பேசினோம். கட்டளை தட்டும் டெர்மினலைத் திறப்பது, கோப்புறைக்குள் போவது, பைதான் இருக்கிறதா என்று பார்ப்பது, எல்லாம் என் கை தானாகச் செய்கிற வேலைகள். எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. அவர் கேட்டதையெல்லாம் வரிசையாக எழுதினால் அதுதான் ரீட்மீ.

ஓசூர்க்காரன்: எழுதிட்டீங்களா அண்ணா?

அரூர்: போன் வந்தது தை மாதம். இன்னும் இல்லை.

மாந்தோப்பு: நான் நேற்றுதான் அந்தப் பழைய மாதிரி நிரலுக்குக் கீழே இரண்டு வரி போட்டேன். ஒப்புதலுக்குக் காத்திருக்கிறதாம்.