மேற்குத் தேனீயின் துணையினங்கள்: தனியாகக் காப்பதா, கலக்க விடுவதா?

தேனடை: ஸ்லோவேனியாவில் கார்னியோலன் தேனீயைத் தவிர வேறு துணையினம் வளர்க்கத் தடை. எல்லாமே ஏபிஸ் மெல்லிஃபெரா என்ற ஒரே மேற்குத் தேனீதானே, எதற்கு இவ்வளவு கறார்? இத்தாலியன் துணையினம் சாதுவானது, நிறையத் தேன் சேர்க்கும். கார்னியோலன் வசந்தம் வந்ததும் மளமளவெனப் பெருகும். இரண்டையும் கலந்தால் என்ன குடி முழுகிவிடும்?

கருவண்டு: இத்தாலியனின் மறுபக்கத்தை விட்டுவிட்டீர்களே. குளிரிலும் பெரிய கூட்டமாகவே இருந்து, சேர்த்த தேனைத் தின்று தீர்க்கும். குளிர் நீண்டால் பட்டினிதான். கார்னியோலன் கூட்டத்தைச் சுருக்கிக்கொண்டு சிக்கனமாகக் குளிரைக் கடக்கும். ஐரோப்பாவில் 11 நாடுகளில் 16 வகைத் தேனீக்களை தேனீயைத் தாக்கி அழிக்கும் வரோவா உண்ணிக்கு மருந்தே போடாமல் வளர்த்துப் பார்த்தார்கள். உள்ளூர் ராணி இருந்த கூட்டங்கள் சராசரியாக 83 நாள் கூடுதலாகத் தாக்குப்பிடித்தன.

தேனடை: கடைசியில் பெரும்பாலானவை செத்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் பக்ஃபாஸ்ட் மடத்துத் துறவி ஆடம் ஆயுள் முழுக்கக் கலப்பு செய்துதானே அவ்வளவு நல்ல தேனீயை உருவாக்கினார்?

மெழுகுச்சுடர்: உருவாக்குவது சரி, அதே குணத்தில் நிறுத்துவது? ராணி வானில் பறந்து பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களோடு இணைகிறாள். அப்பன் யாரென்று பெட்டி வைத்தவருக்குத் தெரியாது. அதனால்தான் ஸ்காட்லாந்தின் கொலன்சே மாதிரித் தீவுகளில் கருந்தேனீ என்ற துணையினத்தைக் காக்கிறார்கள். பிரேசில் கதை மறந்துபோச்சா? 1956இல் ஆப்பிரிக்க ராணிகள் வந்தன. அடுத்த வருடமே, ராணியை உள்ளே நிறுத்தும் தடுப்பை யாரோ எடுத்துவிட, 26 கூட்டங்கள் பறந்து, அங்கிருந்த ஐரோப்பியத் தேனீக்களோடு கலந்தன. 1990இல் அவற்றின் வாரிசுகள் டெக்சாஸில்!

தேனடை: இன்று பிரேசிலில் தேன் எடுப்பதே அந்தக் கலப்பை வைத்துத்தான் ஐயா. கொட்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வரோவாவை மருந்தில்லாமலே சமாளிக்கிறது. உங்கள் தூய இனங்களில் எத்தனை அப்படி?

கருவண்டு: அப்போ தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். கேப் தேனீயில் வேலைக்காரியே இணையாமல் பெண் முட்டை இடும். 1990இல் அதை வடக்கே கொண்டுபோனார்கள். அங்கிருந்த ஸ்குடெல்லாட்டா என்ற இன்னொரு துணையினத்தின் கூடுகளுக்குள் புகுந்து முட்டையிட்டுக் கூட்டம் கூட்டமாக அழித்தது. புகுந்தவை எல்லாம் ஒரே வேலைக்காரியின் நகல்கள்.

தேனடை: அங்கே கலப்பே நடக்கவில்லையே! இணையாமல் முட்டையிட்டது என்று நீங்களேதான் சொன்னீர்கள்.

கருவண்டு: சரி, அது கலப்பு இல்லை. பெட்டியை லாரியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோனதால் வந்த வினை. அந்த லாரிக்காவது தடை போடலாமா?

தேனடை: லாரிக்குப் போடுங்கள். என் ராணிக்கு வேண்டாம்.