மறு: ‘தனியுரிமைச் சுட்டி’ வேண்டாம், ‘புழக்கப் பொட்டு’ ஆகுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

போனில் ஏதாவது செயலி கேமராவையோ மைக்கையோ பயன்படுத்தும்போது திரையின் மேற்புறம் ஒரு சிறு விளக்கு எரிகிறதே, அதற்குத் தமிழ்ப் பெயராக வந்த ‘தனியுரிமைச் சுட்டி’, ‘ஒற்றுப்புள்ளி’, ‘பச்சைப்புள்ளி’ என்ற மூன்று பரிந்துரைகளையும் படித்தேன். ‘தனியுரிமைச் சுட்டி’ எனக்கு ஒப்பவில்லை. அந்த விளக்கு யாருடைய தனியுரிமையையும் காப்பதில்லை. கேமராவோ மைக்கோ இந்த நொடியில் இயங்குகிறது என்று மட்டும் காட்டுகிறது. ‘ஒற்றுப்புள்ளி’ அழகுதான். ஆனால் க், ங் எழுதப் பழகும் பிள்ளைக்கு அது வேறு பொருள் தரும். மகனோடு காணொளியில் பேசும்போதும் அதே விளக்குத்தான் எரிகிறது. அதில் ஒற்று (வேவு) எங்கே வந்தது? ‘பச்சைப்புள்ளி’யும் நிற்காது. ஆண்ட்ராய்டில் 12ஆம் பதிப்பு (2021) முதல் இரண்டுக்கும் பச்சை; ஐபோனிலோ ஐஓஎஸ் 14 (2020) முதல் மைக் மட்டும் இயங்கினால் ஆரஞ்சு.

சென்ற வாரம் கடலூர் முதுநகரில் மீன் விற்கும் அக்கா ஒருவர் போனை நீட்டினார். “தம்பி, விடியற்காலையில் டார்ச் போட்டால் மேலே ஒரு பொட்டு வருகிறதே, போன் கெட்டுவிட்டதா?” திரையை மேலிருந்து இழுத்து அந்தப் பொட்டைத் தொட்டேன். பேரன் ஏற்றிக் கொடுத்த டார்ச் செயலி மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் காட்டுவதற்குக் காது எதற்கு? “ஏதோ கேட்டது, சரி என்று அமுக்கினேன்” என்றார். அமைப்புகளுக்குள் போய் அனுமதியை நீக்கினேன், பொட்டு மறைந்தது.

அவர் வாயில் வந்த சொல்லே போதும் என்று தோன்றுகிறது. ‘புழக்கத்தில் இருக்கிறது’ என்கிறோம் அல்லவா, அதையும் சேர்த்துப் ‘புழக்கப் பொட்டு’. பொட்டு நெற்றிக்கு உரியதாயிற்றே என்று சிலர் தயங்கலாம். ‘ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை’ என்பவர் நெற்றியையா நினைக்கிறார்? தவிர, ஆண்ட்ராய்டில் அது முதலில் கேமரா அல்லது மைக் படமாகத் தோன்றிப் பிறகு பொட்டாகவே சுருங்குகிறது.

செயலியை மூடிப் பொட்டு அணைந்தாலும், நாமே நீக்காதவரை அதற்குக் கொடுத்த அனுமதி பொதுவாக அப்படியே இருக்கும். ஆகவே விளக்கின் பெயரில் ‘அனுமதி’ என்ற சொல் கலக்க வேண்டாம்.

ஆண்ட்ராய்டு 11இல் வந்த, ஒருமுறைக்கு மட்டும் தரும் அனுமதிக்கு ‘ஒருவேளை அனுமதி’ என்று எழுதியிருந்த நண்பருக்கு ஒரு சொல்: அதைப் படிப்பவர், கிடைத்தாலும் கிடைக்கும் என்றுதான் நினைப்பார். ‘ஒருமுறை அனுமதி’ என்றே வைத்துக்கொள்வோம்.