லேட்டரலில் பெரிய காலேஜ் கிடைத்தது, ஆனால் கணக்கும் புரியவில்லை, வகுப்பிலும் ஒட்ட முடியவில்லை

மூன்றாம்_செம்:
வணக்கம். பத்தாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம், அப்புறம் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் மெக்கானிக்கல் டிப்ளமோ. மார்க் நன்றாக இருந்ததால், டிப்ளமோ முடித்தவர்களுக்கான காரைக்குடி கவுன்சிலிங்கில் எல்லோரும் முதலில் கேட்கும் காலேஜ்களில் ஒன்றே கிடைத்தது, லேட்டரல் என்ட்ரி என்பதால் நேரடியாக இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். வீட்டில் அவ்வளவு சந்தோஷம். நான் போய்ச் சேர்ந்தபோது செமஸ்டர் தொடங்கி மூன்று வாரம் ஆகிவிட்டது. கணக்கு வகுப்பில் ஃபூரியர் சீரிஸ் ஓடிக்கொண்டிருந்தது. "இதெல்லாம் ஃபர்ஸ்ட் இயரிலேயே பார்த்ததுதான்" என்று சார் இரண்டு ஸ்டெப்பைத் தாண்டிப் போய்விடுகிறார், எனக்குத்தான் அந்த ஃபர்ஸ்ட் இயரே கிடையாதே. மற்றவர்கள் ஒரு வருடமாக ஒன்றாக இருப்பவர்கள், லேப் பேட்ச், மெஸ்ஸில் உட்காரும் இடம் எல்லாம் முன்பே முடிவாகிவிட்டது. லேட்டரல் பசங்க ஐந்து பேரும் கடைசி பெஞ்சில் இருக்கிறோம். முதல் இன்டர்னலில் ஐம்பதுக்குப் பதினொன்று. பாலிடெக்னிக்கில் முதல் மார்க் எடுத்தவன் நான், இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. இதே வழியில் வந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

லேத்_பட்டறை:
தம்பி, நானும் லேட்டரல்தான். முதல் இன்டர்னலில் நான் வாங்கியது ஒன்பது, அதனால் பதினொன்றைப் பார்த்துப் பயப்படாதே. மொத்தக் கணக்கும் போய்விட்டது போலத் தோன்றும், எடுத்து எழுதிப் பார்த்தால் விட்டுப்போனது சில தலைப்புகள்தான்: பார்ஷியல் டிஃபரன்சியேஷன், மல்டிபிள் இன்டெக்ரல், மேட்ரிக்ஸில் ஐகன் வேல்யூ, இப்படி. ஃபர்ஸ்ட் இயர் நோட்டை யாரிடமாவது கேட்டு வாங்கி, தினமும் ஒரு மணி நேரம் அதற்கென்று வை. ஃபூரியர் சீரிஸுக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். பெர்னோலி ஃபார்முலா வைத்து இன்டெக்ரேஷன் போடத் தெரியும் என்றால் பாதி தாண்டிவிட்டாய், கோ-எஃபிஷியன்ட் கண்டுபிடிக்கப் போனால் பெரும்பாலும் அங்கேதான் வந்து நிற்கும். சைன் என்-பை (nπ) எப்போதும் பூஜ்யம், காஸ் என்-பை என்பது n இரட்டைப்படையானால் ஒன்று, ஒற்றைப்படையானால் மைனஸ் ஒன்று. மைனஸ் பையிலிருந்து பை வரை கொடுத்திருந்தால் ஃபங்ஷன் ஆடா ஈவனா என்று முதலில் பார், ஈவன் என்றால் சைனுக்கான கோ-எஃபிஷியன்ட் பி-என் போடவே வேண்டாம். சார் தாண்டிப் போகும் இரண்டு ஸ்டெப் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, ஃபர்ஸ்ட் இயர் இல்லாததால் நமக்கு ஆறு செமஸ்டர் மார்க்கை வைத்துத்தான் சிஜிபிஏ, அதாவது மொத்தப் படிப்புக்குமான சராசரி. இதில் ஒரு செமஸ்டர் சறுக்கினால் மற்றவர்களைவிட நமக்கு அதிகமாக இடிக்கும், அதனால் "அடுத்த செமில் பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் விட்டுவிடாதே.

ரீடிங்_ரூம்:
நான் ரெகுலரில், அதாவது முதல் வருடத்திலிருந்தே படித்தவள். எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்றும் சொல்கிறேன், லேட்டரலில் வந்தவர்கள் சேர்ந்தே உட்கார்ந்து சேர்ந்தே கிளம்பிவிடுவதால் அவர்களுக்கு எங்களோடு பேச விருப்பமில்லை என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை, ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒதுக்கியது போலத்தான் இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. எல்லாம் மாறியது வொர்க்‌ஷாப்பில்தான். லேத் மெஷினில் ஒரு துண்டைக் கூம்பாகக் கடையும் டேப்பர் டர்னிங்குக்கு, டூலைத் தாங்கும் காம்பவுண்ட் ரெஸ்ட்டை எத்தனை டிகிரி திருப்புவது என்று நாங்கள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம், என் பேட்ச் லேட்டரல் பையன் இரண்டு விட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்து, டேன் இன்வெர்ஸ் போட்டு, கோணத்தை வைத்து முதல் கட்டே போட்டுவிட்டான். அன்று சாயங்காலம் அவன் எங்களுக்கு லேத் சொல்லிக்கொடுத்தான், அடுத்த நாள் ரீடிங் ரூமில் நான் அவனுக்கு மல்டிபிள் இன்டெக்ரல் சொல்லிக்கொடுத்தேன். லேபில் உன் பக்கத்தில் நிற்பவர் தடுமாறினால் நீயாகவே போய்ச் சொல்லிக்கொடு. தினமும் ஒரு வகுப்பிலாவது கடைசி பெஞ்சை விட்டு வேறு இடத்தில் உட்கார்.

பாலி_ஆசிரியர்:
பாலிடெக்னிக்கில் பல வருடம் பாடம் நடத்தியவன். கணக்கைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் பார்த்தவரை பல பிள்ளைகளுக்கு அடிபடுவது ஆங்கிலத்தில் எழுதும்போதுதான். தெர்மோடைனமிக்ஸில் என்ட்ரோபி என்றால் என்ன என்று தமிழில் கேட்டால் அழகாகச் சொல்வார்கள், பேப்பரில் இரண்டு வரியோடு நின்றுவிடும். பழைய கேள்வித்தாள்களை எடுத்து வாரம் நான்கு விடை முழுதாக எழுதி ஒரு நண்பரிடம் திருத்தச் சொல்லுங்கள், படித்தால் மட்டும் போதாது, கை பழக வேண்டும். அப்புறம் வீட்டில் சொல்லிவிடுங்கள் தம்பி. மார்க்கை மறைத்துக்கொண்டு விடுதியில் தனியாக உட்கார்ந்திருப்பது அந்த மார்க்கைவிடப் பெரிய சுமை.

மூன்றாம்_செம்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி அம்மாவிடம் சொல்லிவிட்டேன், "சாப்பிட்டாயா" என்றுதான் முதலில் கேட்டார்கள். இன்று முன்னால் இருந்த ஒருவனிடம் ஃபர்ஸ்ட் இயர் நோட் கேட்டேன், உடனே தந்துவிட்டான். அவன் பேட்சுக்கு வியாழக்கிழமை மெஷின் ஷாப் லேபாம், கூட வந்து நிற்க முடியுமா என்று அவனாகவே கேட்டான். அண்ணா, ஐகன் வேல்யூவை இப்போதே பார்க்கவா, இரண்டாவது இன்டர்னல் முடிந்து பார்க்கவா?

லேத்_பட்டறை:
இன்டர்னல் முடியட்டும். இப்போது ஃபூரியரும் பார்ஷியல் டிஃபரன்சியேஷனும் போதும். வியாழக்கிழமை கண்டிப்பாகப் போ.