ஒரே கணினியில் இரண்டு பைத்தான், இப்போது டெர்மினல் திறக்கவில்லை

ரங்கூன்வாசி:
வணக்கம். சித்தப்பா கடையின் பழைய கணக்கெல்லாம் ஜவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் கிடக்கிறது, அதை யூனிகோடுக்கு மாற்ற ஒரு பைத்தான் நிரல் எழுதி வருகிறேன். என் கணினியின் லினக்ஸ், உபுண்டு 22.04இல் பைத்தான் 3.10 பதிப்புதான் இருந்தது. 3.12 வேண்டும் என்று மூலநிரலை இறக்கி, அதை நிறுவும் மேக் இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்தேன். அப்புறம் மாட்யூல்களை (நிரலுக்கு வேண்டிய துணைத் தொகுப்புகளை) நிறுவும் பிப் வழியாக எதைப் போட்டாலும் வெற்றி என்கிறது, நிரலை ஓட்டினால் அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்கிறது. சரி, குழப்பமே வேண்டாம் என்று யூஎஸ்ஆர் பின் கோப்புறையில், பைத்தான்3 என்றால் எந்தப் பதிப்பு என்று காட்டும் இணைப்பை 3.12க்குத் திருப்பிவிட்டேன். இப்போது கட்டளை அடிக்கும் டெர்மினல் சாளரமே திறக்கவில்லை. என்ன செய்வது?

மோல்மீன்காரன்:
தம்பி, பயப்படாதீங்க, எதுவும் அழியவில்லை. உபுண்டுவின் டெர்மினலைத் தொடங்கி வைப்பதே ஒரு குட்டி பைத்தான் நிரல்தான், அதற்கு வேண்டிய ஜிஐ மாட்யூல் 3.10க்கென்று கட்டப்பட்டது, 3.12இல் ஏறாது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். அதில் லாகின் செய்து, சுடோவோடு (நிர்வாகி உரிமையோடு), இணைப்பு உண்டாக்கும் எல்என் கட்டளை கொடுத்து அந்த இணைப்பை மறுபடி 3.10க்கே திருப்புங்கள். இனி அந்த இணைப்பைத் தொடவே தொடாதீர்கள், அது சிஸ்டத்துக்குச் சொந்தம். 3.10ஐ நீக்கவும் வேண்டாம், டெஸ்க்டாப்பையே இழுத்துக்கொண்டு போய்விடும்.

மாட்யூல் கிடைக்காததற்குக் காரணம் வேறு. மேக் இன்ஸ்டால், யூஎஸ்ஆர் லோக்கல் பின்னில் பைத்தான்3, பிப்3 என்று வைக்கும், வெறும் 'பிப்' என்று ஒன்றை வைக்காது. நீங்கள் வெறும் பிப் என்று அடித்திருப்பீர்கள், அது பழைய 3.10க்குப் போட்டுவிட்டது. பைத்தான்3 என்று ஓட்டியது 3.12. அடுத்த முறை மேக் ஆல்ட்இன்ஸ்டால் கொடுங்கள், பைத்தான்3.12 என்ற பெயரில் மட்டும் வரும், பழையதோடு மோதாது.

பெகு அக்கா:
ஒவ்வொரு வேலைக்கும் தனி வென்வ் (மற்றதோடு கலக்காத பைத்தான் சூழல்) வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, அதற்குள் நுழைந்தபின் பிப், பைத்தான் இரண்டும் ஒரே பதிப்புதான். பல பைத்தான் பதிப்புகளைப் போட நான் முதலில் பைஎன்வி என்ற கருவியை வைத்திருந்தேன், அது ஒவ்வொரு பதிப்பையும் மூலநிரலிலிருந்து நம் கணினியிலேயே கம்பைல் செய்யும், பாதியில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், எத்தனை ராத்திரி அப்படிப் போனது! இப்போது அதற்குப் பதில் யூவி என்ற கருவிதான். ஏற்கெனவே கட்டிவைத்த பைத்தானையே இறக்கிவிடுகிறது. ஒருமுறை இறக்கிய மாட்யூலை அடுத்த வென்வுக்கும் தன் சேமிப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும், டேட்டா காசு மிச்சம்.

ரங்கூன்வாசி:
அண்ணா, டெர்மினல் திறந்துவிட்டது! வெறும் பிப்தான் அடித்திருந்தேன். பதிப்பு எண் கேட்டுப் பார்த்தால் 3.10 என்றே காட்டியது. அக்கா, யூவி வழியாக 3.12 போட்டு வென்வும் கட்டிவிட்டேன், மூன்று மாதக் கணக்கு யூனிகோடில் வந்துவிட்டது.