எம்.எஸ்சி. பயோடெக் முடித்தவர் விலங்கியல், தாவரவியல் துறையில் பாடம் எடுக்கலாமா? (சென்னைக் கல்லூரிகள்)

போரூர்_செல்:
எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி, 68 சதவீதம். தேசியத் தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட்டில், லைஃப் சயின்சஸ் தாளில், உதவிப் பேராசிரியர் தகுதி இருக்கிறது. சென்னைக் கலை அறிவியல் கல்லூரிகளின் விளம்பரங்களில் 'உயிரியல்' என்று எங்கும் வருவதில்லை. தாவரவியல், விலங்கியல், மைக்ரோபயாலஜி என்றுதான் கேட்கிறார்கள். நெட் தாள் ஒன்றுதானே, மூன்றுக்கும் விண்ணப்பிக்கலாமா?

இன்னொன்று. ஒரு சுயநிதிக் கல்லூரியில் டெமோ கிளாஸுக்கு அழைத்திருக்கிறார்கள். 20 நிமிடம் பாடம், பிறகு வெங்காய வேர் நுனி ஸ்குவாஷ் (செல் பிரிவதைப் பார்க்க நுனியைச் சாயமேற்றி நசுக்கிய ஸ்லைடு) போட்டுக் காட்ட வேண்டும். ஜெல், பிசிஆர் போன்ற டிஎன்ஏ வேலைகள் கைவந்தவை, ஸ்குவாஷ் பி.எஸ்சி.யோடு சரி. சமுதாயக் கல்லூரி ஒன்றின் லேப் டெக்னீஷியன் டிப்ளமோவுக்கும் ஆள் எடுக்கிறார்கள். அங்கே நெட்டே கேட்கவில்லை. ஏன்?

சேப்பாக்கம்_கோப்பு:
நெட் தாள் எல்லாருக்கும் ஒன்று, உண்மைதான். ஆனால் வேலையைத் தீர்மானிப்பது உங்கள் எம்.எஸ்சி. பட்டத்தின் பெயர். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018 விதிமுறைப்படி உரிய பாடத்திலோ சார்ந்த பாடத்திலோ 55 சதவீதத்துடன் முதுகலை வேண்டும், கூடவே நெட் அல்லது மாநில அளவிலான தகுதித் தேர்வான செட் வேண்டும். அந்தச் 'சார்ந்த' என்ற சொல்லுக்கு யார் பொருள் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அரசுக் கல்லூரி என்றால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டிஆர்பி) அறிவிக்கையும், எந்தப் பட்டம் எதற்குச் சமம் என்று சொல்லும் உயர்கல்வித் துறையின் இணைத்தன்மை அரசாணைகளும் சொல்வதே முடிவு. அரசாணையில் பட்டத்தின் பெயரும் அதை வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரும் சேர்ந்தே வரும். உங்கள் டிகிரி சான்றிதழில் அச்சாகியிருக்கும் பெயரை அதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். 'அப்ளைடு', 'இண்டஸ்ட்ரியல்' என்று ஒரு சொல் கூடியிருந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்கும். தேர்வில் வாங்கிய மதிப்பெண் அங்கே கைகொடுக்காது. பெயர் இல்லாவிட்டால் பயோடெக், சார்ந்த துறைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுயநிதிப் பிரிவில் கல்லூரியே கொஞ்சம் நெகிழ்ந்து எடுத்துக்கொள்ளும். ஆனாலும் பல்கலைக்கழகத்தின் தகுதி ஒப்புதலுக்கு உங்கள் கோப்பு போகுமா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். ஒப்புதல் இல்லாத ஆண்டுகளைப் பின்னால் அனுபவமாகக் காட்டுவது பெரும்பாடு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். உதவிப் பேராசிரியருக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்ற விதி இப்போது இல்லை. 2023 ஜூலை 1 முதல் நெட் அல்லது செட்தான் குறைந்தபட்சம். விதிமுறைப்படி பெற்ற பிஎச்.டி. இருந்தால் நெட்டிலிருந்து விலக்கு உண்டு. நெட் முடிவில் 'பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்' என்று வந்திருந்தால் அது ஆசிரியர் தகுதி ஆகாது. இந்த ஒரு வரியைப் பார்க்காமல் விண்ணப்பிக்கிறவர்கள் நிறைய. பி.எட். பள்ளிக்கானது, கல்லூரிக்குத் தேவையில்லை. எம்.ஃபில். மட்டும் இருந்தால் தகுதி கிடையாது. முழுக்கத் தமிழ்வழியில் படித்தவர்கள் அதற்கான சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். அரசு நேரடி நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 1ஆம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி என்று காட்ட வேண்டும்.

வேர்நுனி:
ஸ்குவாஷ் பத்தி நான் சொல்றேன் மேடம். பயோடெக் படிச்சவங்களை இதுல சோதிக்கிறதுக்குக் காரணம் இருக்கு. விலங்கு அறுவையை யூஜிசி 2014லயே நிறுத்தச் சொல்லிடுச்சு. அதனால பி.எஸ்சி. பிராக்டிகல்ல ஸ்லைடு, மவுண்டிங், செக்‌ஷன் வேலைதான் கனமா நிக்குது. கிட் வச்சு வேலை பார்த்த கை அங்கதான் தடுமாறும்.

பழைய, காய்ஞ்ச வெங்காயமா 5, 6 எடுங்க. அடியில இருக்கிற காய்ஞ்ச வேரை பிளேடால சுரண்டிடுங்க, வேர் முளைக்கிற அடித்தட்டு வெட்டுப்படக் கூடாது. பாட்டில் வாயில உட்கார வச்சு, அடி மட்டும் தண்ணியைத் தொடுற மாதிரி விடுங்க. பாதி வெங்காயம் முங்கினா அழுகிடும். சென்னை வெயில்ல ஒரே நாள்ல தண்ணி நாறும், காலையும் சாயங்காலமும் மாத்துங்க. ரெண்டு மூணு நாள்ல வேர் 2 செ.மீ. வந்துடும். இதுக்கு மேல நீள விடாதீங்க, பிரியுற செல் குறைஞ்சுடும்.

காலைல 8லிருந்து 10க்குள்ள நுனியை வெட்டி, எத்தனால் 3 பங்கு, கிளேசியல் அசிட்டிக் ஆசிட் 1 பங்கு கலந்த ஃபிக்சேட்டிவ்ல (செல்லை இருக்கிற நிலையிலேயே நிறுத்துற கரைசல்) 24 மணி நேரம் போடுங்க. அதை அன்னன்னிக்குக் கலக்கணும். வச்சிருந்தா ரெண்டும் சேர்ந்து எஸ்டராகி வேலைக்கு ஆகாது. அப்புறம் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாத்தினா பல நாள் தாங்கும். டெமோவுக்கு முந்தின நாளே இதுவரைக்கும் முடிச்சுடுங்க.

அன்னிக்கு 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட், 60 டிகிரி, 8 நிமிஷம். பிறகு கழுவி, அசிட்டோகார்மைன் சாயத்துல அரை மணி நேரம். நுனியில அடர்த்தியா சிவந்து நிக்கிற 1, 2 மி.மீ. மட்டும் வச்சுக்கிட்டு மீதியை வெட்டித் தள்ளுங்க. பலர் தோக்கிறது இந்த இடத்துலதான், ஏன்னா மேல இருக்கிற நீளுற பகுதியை நசுக்கினா குரோமோசோம் நடுவுல வரிசையா நிக்கிற மெட்டாஃபேஸ் ஒண்ணுகூட கிடைக்காது. 45 சதவீத அசிட்டிக் ஆசிட் ஒரு சொட்டு, கவர்ஸ்லிப், பென்சில் பின்பக்கத்தால மெதுவாத் தட்டுங்க. ஃபில்டர் பேப்பர் மடிச்சு வச்சு கட்டை விரலால நேரா அழுத்துங்க. விரல் பக்கவாட்டுல நகர்ந்தா செல் எல்லாம் உருண்டுடும்.

கொத்துக் கொத்தா, செல் பிரியாம நின்னா ஆசிட் நேரம் பத்தலை. கூழாகி வெளுத்திருந்தா அதிகமாப் போச்சு. வெங்காயத்துக்கு 2என் = 16, அதாவது ஒரு செல்லுல 16 குரோமோசோம். பதினாறையும் எண்ண வராட்டியும் பரவாயில்லை, குரோமோசோம் ரெண்டு பக்கமாப் பிரியுற அனாஃபேஸ் ஒண்ணு காட்டி "ரெண்டு பக்கமும் எத்தனை போகணும்?"னு மாணவரைக் கேட்டீங்கன்னா வகுப்பு உங்க பக்கம்.

தாம்பரம்_ஸ்லைடு:
ஸ்குவாஷை வெறும் சடங்கு என்று நினைக்க வேண்டாம். 1921இல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் முடித்து, சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் பாடம் எடுத்த ஜானகி அம்மாள் பிறகு உலகம் அறிந்த செல்லியலாளர் ஆனதும் குரோமோசோம்களை எண்ணும் இந்தத் துறையில்தான்.

சமுதாயக் கல்லூரிக்கு வருகிறேன். அது பட்டப் படிப்பு நடத்தும் இடம் இல்லை. டிப்ளமோ முடித்தவர் மறுநாளே லேபில் உட்கார வேண்டும் என்பது அதன் நோக்கம். அதனால் மருத்துவமனை லேப் அனுபவம் உள்ளவரையும் ஆசிரியராக எடுப்பார்கள்; உதவிப் பேராசிரியர் பதவி இல்லாததால் நெட் கேட்பதில்லை. அங்கே வேலை பார்த்த ஆண்டுகளைக் கலைக் கல்லூரி அனுபவமாக ஏற்பார்கள் என்று நம்பிச் சேராதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

அங்கே லீஷ்மன் ஸ்மியர், அதாவது ரத்தத்தை ஸ்லைடில் மெல்லிசாகப் பரப்பிச் சாயமேற்றுவது, கேட்கலாம். ஸ்ப்ரெடர் ஸ்லைடை 30 முதல் 45 டிகிரி சாய்த்து ஒரே இழுப்பு. ஸ்டெயின் 2 நிமிடம், அதன் மேல் இருமடங்கு பஃபர், பிஎச் 6.8, இன்னும் 7 முதல் 10 நிமிடம். போர் தண்ணீரில் கழுவாதீர்கள். கார நீர் பட்டால் சிவப்பணு நீலம் பாய்ந்து, ஈயோசினோஃபில் துகள்களே தெரியாமல் போகும்.

போரூர்_செல்:
மிக்க நன்றி. டிகிரி சான்றிதழில் 'அப்ளைடு' இல்லை, அரசாணையைத் தேடுகிறேன். வேர்நுனி சார், அந்த லேபில் 60 டிகிரி வாட்டர் பாத் இல்லை என்றால்?

வேர்நுனி:
வாட்ச் கிளாஸ்ல அசிட்டோகார்மைன் 9 சொட்டு, 1 நார்மல் ஆசிட் 1 சொட்டு. வேர் நுனியைப் போட்டு ஸ்பிரிட் விளக்கு மேல காட்டிக் காட்டி எடுங்க. ஆவி வரணும், கொதிக்கக் கூடாது. மூணு நாலு தடவை அப்படிக் காட்டிட்டு 15 நிமிஷம் மூடி வைங்க. அது ஊறுற நேரத்துல பாடத்தை நடத்திடலாம். ஸ்டெயின் வத்திடாம நடுவுல ஒரு சொட்டு விட்டுக்குங்க.