விமானத்தில் மாம்பழ வாசனை: நான் சொல்லியிருக்க வேண்டுமா?

நங்கநல்லூர் ஜன்னலோரம்:

போன மாதம் துபாயிலிருந்து சென்னை திரும்பினேன். நான்கு மணி நேரப் பயணம். சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போன பிறகு, பின்பக்கக் கழிவறைக்கு எதிரே போய் நின்றேன். உள்ளே இருந்தவர் வெளியே வந்தார். நீலச் சட்டை, ஒல்லியான உடம்பு, இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. என் தங்கை மகன் சாயல். அவர் விலகியதும் நான் நுழைந்தேன். உள்ளே பழுத்த மாம்பழ வாசனை! விமானக் கழிவறையில் வழக்கமாக என்ன வாசனை வரும் என்பது நமக்குத் தெரியும். எனவே நான் சந்தேகப்படவில்லை, சந்தோஷப்பட்டேன். புதிதாக ஏதோ நறுமணத் திரவம் தெளித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தாழ்ப்பாள் போட்ட அரை நிமிடத்தில் தலைக்கு மேல் எதுவோ கீச்சிட ஆரம்பித்தது. கதவைத் தட்டினார்கள். திறந்தால் இரண்டு பணிப்பெண்கள். ஒருவர் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். வயது 58, நெற்றியில் விபூதி, கையில் கண்ணாடிக் கூடு. "நான் இல்லை அம்மா" என்றேன். திருடன் முதலில் சொல்லும் வாக்கியமும் அதுதான் என்பது பிறகுதான் உறைத்தது. இன்னொருவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராகக் குப்பைத் தொட்டியைத் திறந்து, கையுறை போட்ட கையால் உள்ளே இருந்த காகிதங்களையெல்லாம் துழாவிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு முன்னால் உள்ளே போனது யார் சார்?"

அந்தப் பையன் மூன்று வரிசை தள்ளி, கழுத்து வரை போர்வையை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்குகிறவனின் இமை அப்படித் துடிக்காது. "கவனிக்கவில்லை" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடிப்பதற்குள், கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து நின்று, நீட்டிய விரலை மடக்காமல், "அவர்தான்" என்றார்.

மீனம்பாக்கத்தில் இறங்கியதும் எல்லோரையும் இருக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். பாதுகாப்பு ஆட்கள் இருவர் ஏறி வந்து அவனை அழைத்துக்கொண்டு போனார்கள். கழிவறைக்குள் வேப், அதாவது மின் சிகரெட், பிடித்தானாம். அந்த மாம்பழ வாசனை அதனுடையதுதான். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அவன் பிடிபட்டதற்காக அல்ல. நான் ஏன் பொய் சொன்னேன்? உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

குரோம்பேட்டை கணக்கர்:

சொல்லியிருக்க வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அது நிற்கட்டும், எனக்கு வெகுநாள் சந்தேகம் ஒன்று. புகைக்கத் தடை என்கிறார்கள், கழிவறைக் கதவிலேயே சாம்பல் கிண்ணத்தையும் பொருத்தி வைத்திருக்கிறார்கள். எதை நம்புவது?

ஓய்வுபெற்ற பணிப்பெண், அண்ணா நகர்:

நங்கநல்லூர் சார், அந்தப் பெண் உங்களைப் பார்த்த பார்வைக்கு அவர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வளைகுடா விமானங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அந்தப் பார்வை எங்களுக்குத் தானாக வந்துவிடும். ஆனால் அன்று சரியாக வேலை செய்தவர் உங்களைப் பார்க்காத அந்த இன்னொரு பெண்தான். ஆள் யார் என்பது பிறகு. முதலில் குப்பைத் தொட்டி.

காரணம் சொல்கிறேன். 1973 ஜூலை 11, ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் போன வாரிக் நிறுவனத்தின் போயிங் 707. ஓர்லி விமான நிலையத்தில் இறங்கச் சில நிமிடங்களே இருந்தபோது பின்பக்கக் கழிவறையிலிருந்து புகை வந்தது. ஓடுபாதை வரை போய்ச் சேர முடியாமல் விமானிகள் வயலில் இறக்கினார்கள். இருந்தவர்கள் 134 பேர், இறந்தவர்கள் 123 பேர். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை. காகிதம் நிறைந்த குப்பைத் தொட்டியில் யாரோ போட்ட சிகரெட் துண்டாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. பயிற்சி வகுப்பில் இதைச் சொன்ன நாள் முதல் நான் கழிவறைத் தொட்டியைச் சாதாரணமாகப் பார்த்ததே இல்லை. இப்போது அந்தத் தொட்டிக்குள்ளேயே, சூடேறினால் தானாக வாய் திறக்கும் சின்னத் தீயணைப்புக் குப்பி ஒன்று இருக்கும்.

கணக்கர் சார், சாம்பல் கிண்ணத்துக்கும் அதே கதைதான். தடை போட்டாலும் ஒருவன் பற்றவைக்கத்தான் போகிறான். கதவு தட்டப்பட்டதும் பதறிப்போய் அதைக் காகிதக் குவியலில் வீசாமல், தகரத்தில் தேய்த்து அணைக்க ஓர் இடம் வேண்டும். அதனால்தான் புதிதாகச் செய்யும் விமானங்களிலும் அதைப் பொருத்துகிறார்கள். அனுமதி என்று அர்த்தம் இல்லை. மனிதனை நம்பாததற்கு அடையாளம்.

நான் வேலையில் சேர்ந்தது 1994-இல். கடைசிச் சில வரிசைகள் புகைப்போருக்கு என்று இருந்த காலம். நடுவில் ஒரு திரைகூடக் கிடையாது. புகைக்கு வரிசை எண் தெரியுமா? பணி முடிந்து அறைக்குப் போனால் தலைமுடியை இரண்டு முறை அலசினாலும் நாற்றம் போகாது. சர்வதேச விமானங்களில் 1996-க்குள் புகையை நிறுத்துங்கள் என்று உலக நாடுகளின் விமானப் போக்குவரத்து அமைப்பு 1992-இலேயே கேட்டுக்கொண்டது. எங்கள் விமானங்களில் அது நின்ற நாளில் நாங்கள் சாக்லேட் பங்கிட்டுத் தின்றோம்.

பெரம்பூர் லோகோ:

விமானத்தில் மட்டுமா? 2023 ஆகஸ்டில் திருப்பதியிலிருந்து செகந்திராபாத் போன வந்தே பாரத்தில் டிக்கெட் இல்லாத ஒருவர் கழிவறைக்குள் ஒளிந்துகொண்டு சிகரெட் பற்றவைத்தார். தீயணைப்புக் கருவி தானாக வேலை செய்து பெட்டி முழுவதும் வெண்புகை. வண்டியை நிறுத்தி, கண்ணாடியை உடைத்து ஆளை வெளியே எடுத்தார்கள். ஒளிந்துகொள்ள வந்தவர் பத்திரிகையில் வந்தார். ரயிலில் புகைத்தால் அபராதம் எவ்வளவு தெரியுமா? 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 167-ஆம் பிரிவுப்படி நூறு ரூபாய் வரை. சிகரெட் பாக்கெட்டின் விலையை விடக் குறைவு.

வேளச்சேரி, இன்னும் நிறுத்தாதவன்:

எல்லோரும் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும் அல்லவா, வந்துவிட்டேன். 22 ஆண்டுகளாகப் புகைக்கிறேன். விமானத்தில் ஒருமுறைகூட முயன்றதில்லை. மீனம்பாக்கத்தின் பாதுகாப்புச் சோதனையில் நான் பறிகொடுத்த லைட்டர்களை அடுக்கினால் ஒரு பெட்டிக்கடையே வைக்கலாம். நிகோடின் மிட்டாயை மென்றுகொண்டு பத்து மணி நேரம் உட்கார்ந்து வந்திருக்கிறேன். முடியும்.

ஆனால் தரையில் நான் யோக்கியன் இல்லை. எங்கள் தெரு முனை டீக்கடையில் முன்பு கயிறு தொங்கும், நுனியில் எப்போதும் கனல் இருக்கும். இப்போது அந்த இடத்தில் நூலில் கட்டிய லைட்டர். ஒரு கையில் டீ, மறு கையில் சிகரெட். தெரிந்த பெரியவர் யாராவது அந்தப் பக்கம் வந்தால் சட்டென்று கை முதுகுக்குப் பின்னால் போகும். அப்பாவின் நண்பர், பழைய வாத்தியார், கோயில் குருக்கள், எல்லோருக்கும் இந்த மரியாதை உண்டு. முதுகுக்குப் பின்னாலிருந்து புகை எழும்பிக்கொண்டுதான் இருக்கும். அவரும் பார்த்தும் பார்க்காதது போலப் போவார்.

போன வருஷம் ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதே கடைக்குப் பால் வாங்க வந்தார். என் கை அசையவில்லை. குழந்தை இருமியது, அவர் முந்தானையை எடுத்து அதன் முகத்தை மூடினார், பால் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியவருக்கு மறைப்பேன், நுரையீரல் வளராத குழந்தைக்கு மறைக்க மாட்டேன். இந்த மரியாதையை எங்கே கற்றேன் என்று தெரியவில்லை. அன்று அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு மறந்திருப்பேன்.

சைதாப்பேட்டை:

வேளச்சேரி அண்ணா, நாங்கள் ஏன் பேசுவதில்லை என்று நான் சொல்கிறேன். ஏழு மாதக் கர்ப்பத்தோடு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். பக்கத்தில் ஒருவர் ஊதிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் தள்ளி நின்று பிடியுங்கள், தலை சுற்றுகிறது" என்றுதான் கேட்டேன். "வேண்டுமானால் நீ தள்ளிப் போ, ரோடு உன் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றார். நிழற்குடையில் ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள். ஏழெட்டு பேருக்கும் அந்த நேரத்தில் போனில் அவசரமான வேலை வந்துவிட்டது.

அங்கே ஒரு பூக்கார அம்மா உட்கார்ந்திருந்தார். எதுவும் சொல்லவில்லை. மல்லிகைச் சரத்துக்குத் தெளிக்கிற தண்ணீரைக் கை நிறைய அள்ளி ஒரு வீசு வீசினார். பூவுக்கும் கொஞ்சம் விழுந்தது. மீதி அந்த ஆளின் கால்சட்டை, சட்டை, சிகரெட். "அடடா, கண் சரியாகத் தெரியவில்லை ராசா" என்றார். அவர் முறைத்துக்கொண்டே வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அது அவர் போக வேண்டிய பஸ்தானா என்று எனக்கு இன்றும் சந்தேகம். என் மகளுக்கு இப்போது நான்கு வயது. அந்த அம்மாவிடம்தான் இன்றும் பூ வாங்குகிறேன்.

உயர்நீதிமன்ற வாசல்:

சகோதரி, அடுத்த முறை ரோடு யார் வீட்டுச் சொத்து என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கிறது, ஆனால் திறந்த வெளியை விட்டுவிடுகிறது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் அந்த ஓட்டையில் பாதியை அடைத்தன. ரயில் நிலையம், பஸ் நிறுத்தம், விளையாட்டு அரங்கம் ஆகியவை கூரை இல்லாவிட்டாலும் திறந்த வெளி ஆகாது. அபராதம் 200 ரூபாய் வரை. வசூலிக்க ஆள் வேண்டும் என்பது வேறு விஷயம். பூக்கார அம்மாவின் முறை விரைவானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஓ.எம்.ஆர். இரவுப் பணி:

எல்லோரும் சிகரெட்டையும் வேப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். வேப்பில் நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை, நாற்றமும் இல்லை. எங்கள் அலுவலக வண்டியிலேயே இரண்டு பேர் பிடிக்கிறார்கள், ஸ்ட்ராபெரி வாசனைதான் வரும். அந்தப் பையனைக் கொலைகாரனைப் போல இழுத்துக்கொண்டு போனது அதிகம்.

ஓய்வுபெற்ற பணிப்பெண், அண்ணா நகர்:

தம்பி, வேப்பிலிருந்து வருவது வெறும் ஆவி இல்லை. நிகோடினும் வேறு ரசாயனங்களும் கலந்த நுண்ணிய துளிகள். கழிவறையின் புகையுணரி காற்றில் மிதக்கும் துகளைத்தான் பார்க்கும், மாம்பழமா பீடியா என்று மோந்து பார்க்காது. அதைவிட எனக்குப் பயம் அந்தப் பேட்டரி. லித்தியம் பேட்டரி சூடேறிப் பற்றிக்கொண்டால் ஒருமுறை அணைத்தாலும் மறுபடி எரியும், தண்ணீர் ஊற்றி ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். பிடிபடப் போகிறோம் என்ற பயத்தில் ஒருவன் அதைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போனால்? நான் மேலே சொன்ன அதே தொட்டி.

இன்னொன்று. 2019 முதல் நம் நாட்டில் மின் சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, இருப்பு வைப்பது எல்லாமே குற்றம். விற்று முதன்முறை பிடிபட்டாலே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டுமேகூட. உங்கள் அலுவலக வண்டி நண்பர்கள் எங்கே வாங்குகிறார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. வண்டி ஓட்டுநரிடம் ஒருநாளாவது "உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா?" என்று கேட்டார்களா?

ஓ.எம்.ஆர். இரவுப் பணி:

ஓட்டுநர் எப்போதும் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் ஓட்டுவார், மழை பெய்தாலும். ஏன் என்று நான் யோசித்ததில்லை.

குரோம்பேட்டை கணக்கர்:

நங்கநல்லூர் சார், பற்றவைத்துவிட்டுக் காணாமல் போய்விட்டீர்களே. அந்தப் பையன் என்ன ஆனான்?

நங்கநல்லூர் ஜன்னலோரம்:

எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். வேளச்சேரித் தம்பி எழுதியது என்னைத்தான் குத்தியது. எனக்கு எட்டு வயதில் அப்பாவுக்குக் கடைக்கு ஓடிப்போய் சிகரெட் வாங்கி வருவது என் வேலை. மீதிச் சில்லறையில் எனக்குக் கடலை மிட்டாய். வீட்டில் யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. புகைக்கிறவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் கற்றுக்கொண்டிருக்கிறேன். அந்தக் கைக்குழந்தைக்காரப் பெண்ணுக்கு அந்தப் பாடம் நடக்கவில்லை போலிருக்கிறது.

பையன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. இன்னொன்று மட்டும் தெரியும், முதல் பதிவில் அதை எழுதாமல் விட்டுவிட்டேன். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா நின்றிருந்தார். கையில் துணிப்பை, அதற்குள் எவர்சில்வர் தூக்கு. "துபாய் விமானம்தானே ஐயா? எல்லோரும் வந்துவிட்டார்களா? என் மகன் இன்னும் வரவில்லை. ஒல்லியாக இருப்பான், நீலச் சட்டை போட்டுக்கொண்டு போட்டோ அனுப்பியிருந்தான்" என்றார்.

"பெட்டி வரத் தாமதமாகிறது அம்மா, வந்துவிடுவார்" என்றேன்.